கெஜட் அண்ணாச்சி போட்ட அறுபது வயது

தாராவியில் சட்டத்தை மீறியவர்கள் உண்டு. சட்டத்திடம் உதை வாங்கியவர்கள் அதைவிட அதிகம். உட்கார்ந்து சட்டம் இயற்றியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்: தோல் பை தைக்கும் எங்கள் கார்கானாவின் கட்டிங் மாஸ்டர், கெஜட் அண்ணாச்சி. பெற்றவர்கள் வைத்த பெயர் அவர் சம்சாரத்துக்கே மறந்து போயிருக்கும்.

எண்பதுகளின் நடுவில் நான் அங்கே கணக்கு எழுதினேன். மொத்தம் பதினோரு பேர். இருபது பேர் இல்லாத இடத்துக்கு பி.எஃப். சட்டம் வராது. அண்ணாச்சி இஸ்திரி போட்ட சட்டையோடு பி.எஃப். ஆபீசுக்கே போய் நியாயம் கேட்டார். சர்க்கார் மனது வைத்தால் கெஜட்டில் ஓர் அறிவிப்பு போட்டுச் சின்ன இடங்களையும் சேர்த்துக்கொள்ளலாம், அதற்குப் பார்லிமெண்ட் மறுபடி கூட வேண்டியதில்லை என்று அங்கிருந்த குமாஸ்தா சொன்னாராம். வேறு யாராக இருந்தாலும் முகம் வாடித் திரும்பியிருப்பார்கள். இவர் புது மாப்பிள்ளை மாதிரி வந்தார்.

"ஏல, பார்லிமெண்டுல எல்லாத்தையும் எழுத மாட்டாவளாம். கொஞ்சம் எடம் விட்டு வைப்பாவளாம். பெறவு மந்திரி நெரப்பிக்கிடுவாராம். என்னா மூளைங்க."

மறுநாளே எங்களுக்கென்று ஒரு பென்ஷன் நிதி பிறந்தது. சட்டம் இவ்வளவுதான்: எல்லோரும் வாங்கும் பகாரில், அதாவது சம்பளத்தில், கொஞ்சம் போட வேண்டும், வயதானவருக்கு மாதாமாதம் தர வேண்டும், எது வயது என்பதை மந்திரி அவ்வப்போது அறிவிப்பார். மந்திரி பதவி முறை வைத்து மாதம் ஒருவருக்கு. அறிவிப்பைக் கதவின் உள்பக்கம் சாக்பீஸில் எழுதி, சாய் குடிக்கும் நேரத்தில் உரக்கப் படிக்க வேண்டும். சனிக்கிழமைக்குள் பெரும்பாலோர் கையைத் தூக்கி மறுக்காவிட்டால் அதுவே சட்டம்.

முதல் மந்திரி பசை தடவும் மாடசாமி. அவருக்கு வயது நாற்பத்தைந்து. பென்ஷன் வயதும் நாற்பத்தைந்து என்று அறிவித்தார். சனிக்கிழமை கவிழ்ந்தார். அடுத்து வந்தவன் மீசை முளைக்காத வாலிபன், எழுபத்தைந்து என்று எழுதினான். அதுவும் கவிழ்ந்தது. அண்ணாச்சி இந்தச் சந்தோஷத்தை வீட்டுக்கும் கொண்டுபோனார். சமையல் விஷயத்தில் இனி நீதான் மந்திரி என்று சம்சாரத்திடம் அதிகாரத்தை ஒப்படைத்தார். அந்த அம்மாள் இன்று அடுப்பு பற்றவைப்பதில்லை என்று உடனே அறிவித்துவிட்டார். எங்கள் சட்ட மேதை அன்று ராத்திரி வடாபாவ் தின்றார்.

ஒருவழியாக அறுபது என்று நிலைத்தது. அப்புறம்தான் சிக்கல் வந்தது.

பைகளுக்குக் கைப்பிடி தைப்பவர் சுலைமான் பாய். ஒரே குத்தில் நூல் கோர்ப்பார். அந்த வருஷம் கண் மங்கி, நூலை எச்சில் தொட்டுத் தொட்டு ஊசியைத் தேடிக்கொண்டிருந்தார். தையல் கோணியது, பைகள் திரும்பி வந்தன. முதலாளி சேட் ஆளை மாற்றப் போவதாகப் பேச்சு. வெறுங்கையோடு சீத்தா கேம்ப் வீட்டில் போய் உட்கார வேண்டியதுதான். அந்த மாதம் மந்திரியும் அவரே. ஐம்பது என்று எழுதிவிடுங்கள், யாரும் கை தூக்க மாட்டோம் என்று ஆளாளுக்குக் காதைக் கடித்தோம்.

"என் கையால எனக்கே எழுதிக்கிட்டா அது ஹலால் ஆவாது" என்றார். மாதம் முழுக்கக் கதவு வெறுமையாகவே கிடந்தது.

அடுத்த மந்திரி அண்ணாச்சி. முதல் நாள் சாய் வந்ததும் எழுந்து எழுதினார், படித்தார்: "ஊசியில் நூல் கோர்க்க முடியாதவருக்கு அறுபது வயது ஆகிவிட்டதாகக் கொள்ளப்படும்."

மறுப்புச் சொன்னது சுலைமான் பாய் ஒருவர்தான். "அண்ணாச்சி, எனக்கு அம்பத்தி மூணுதான். அல்லாவுக்குத் தெரியும்."

"அவனுக்குத் தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவுது பாய். கெஜட்டுல நீங்க அறுபது."

சனிக்கிழமை, மறுப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். சுலைமான் பாய் ஒற்றைக் கையைத் தூக்கினார், தூக்கிய கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். சட்டம் நிறைவேறியது.

போன வாரம் சட்டைப் பொத்தான் தைக்க உட்கார்ந்தேன். எவ்வளவு முயன்றும் நூல் உள்ளே போகவில்லை. எனக்கு என்ன வயது என்று அறிவிக்க அண்ணாச்சி இல்லையே என்று துக்கமாக இருந்தது.