கல்லுக் குளவி சொன்ன சேதி

தான் என்ன படிக்கிறோம் என்பதை மாமியார் வீட்டில் விளக்கிச் சொல்ல ஒரு பெண்ணுக்கு ஒரே ஒரு வாய்ப்புதான் கிடைக்கும். அதைக் கோட்டை விட்டால், அவர்களாக என்ன புரிந்துகொண்டார்களோ அதுதான் ஆயுசுக்கும் நம் படிப்பு. எனக்கும் அந்த வாய்ப்பு வந்தது. கல்யாணமான புதிதில், கடலாடிக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரரின் ஊரில், அத்தை (அவருடைய அம்மா) மிளகாய் காயவைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏ செல்வி, நீ என்னத்ததான் படிக்கிற?"

"பல ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி பூச்சிக மண்ணுக்குள்ள தோண்டுன பொந்து, கட்டுன கூடு இதெல்லாம் மண்ணோட மண்ணா இறுகிக் கல்லாப் போயிருக்கும் அத்தை. அதப் படிக்கிறேன்."

"அந்தப் பூச்சியவா?"

"பூச்சி இருக்காது. அது எப்பவோ மக்கிப் போயிருக்கும். வீடு மட்டுந்தான் இருக்கும். வீட்டப் பாத்து யாரு குடியிருந்தாகன்னு சொல்லணும்."

அத்தை ஒரு கை மிளகாயைப் புரட்டிவிட்டுவிட்டு, "ஆளில்லாத வீட்டப் பாக்கவா ஒன்னயப் பணங்குடுத்துப் படிக்க வைக்கிறாக?" என்றார். நான் விடவில்லை. (கல்லூரிப் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவள் என்ற திமிர்.) அந்தக் காலத்து மழை, அந்தக் காலத்து வெயில், ஒரு குளவிக் கூட்டை வைத்து அத்தனையையும் சொல்லிவிடலாம் என்று வெயிலில் நின்றே முழங்கினேன். மறுநாள் தெரு முழுக்க என் படிப்பின் பெயர் 'மண்ணு டாக்டரு'.

நான் ஆராய்ச்சி செய்த இடம் சாயல்குடியைத் தாண்டிக் கடலோரமாகக் கிடக்கும் செம்மண் தேரி (காற்று குவித்த மணல்மேடு). ஓடை அரித்த கரையில் பழைய மண் அடுக்கு அடுக்காகத் தெரியும். அதில் சுக்கான் கல்லாக இறுகிய ஓர் அடுக்கில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டைகள். அவை பூச்சிக் கூடுகள் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு யாரும் சொல்லவில்லை. "வேர் இருந்து மக்கிப்போன ஓட்டையா இருக்கும்மா" என்று என் கைடு சார் மெதுவாகச் சொல்வார். அவர் நல்லவர், அதனால் மெதுவாகச் சொன்னார். வெளியூரிலிருந்து ஒரு பெரிய பேராசிரியர் வியாழக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவர் 'கூடு' என்றால் நான் முனைவர். 'வேர்' என்றால் என் இத்தனை வருட உழைப்பும் வெறும் ஓட்டை.

அதற்கு முந்தின வாரம்தான் அந்தக் கட்டி கிடைத்தது. இரண்டு கை சேர்த்து ஏந்தும் அளவு. உடைந்த பக்கத்தில் சின்னச் சின்னக் கலயங்களை வரிசையாக ஒட்டி வைத்ததுபோல் அறைகள். உள்ளே மண் அடைத்திருந்தது. அதை ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டால் பேராசிரியர் வாயடைத்துப் போவார் என்று சந்தோஷத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை. எங்கள் அறையில் பீரோவுக்கு மேலே ஒரு சிமெண்ட் சிலாப் உண்டு. கட்டியை அங்கே வைத்தேன். அடிப்பக்கம் மேடுபள்ளமாக இருந்ததால் உருண்டது. கொஞ்சம் செம்மண்ணைக் குழைத்து அப்பி, சுவரோடு சேர்த்து ஒட்டி வைத்தேன். ஒரு குளவியே வந்திருந்தால்கூட அவ்வளவு பாந்தமாக ஒட்டியிருக்காது.

இங்கே ஒரு விஷயம். வீட்டுக்குள் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் யாரோ உண்டாகியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இது எங்கள் பக்கம் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்தக் கூட்டைக் கலைக்கக் கூடாது, அந்தப் பெண்ணே வாயைத் திறந்து சொல்லும்வரை பெரியவர்கள் கேட்கவும் கூடாது, கண் பட்டுவிடும் என்பதும் தெரியும். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்ததும், ஊரே "விசேஷம் உண்டா?" என்று கேட்டபோதும் அத்தை மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை என்பதும் தெரியும். இத்தனையும் தெரிந்த நான், கட்டியை ஒட்டி வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டேன்.

மறுநாள் ஒட்டடை அடிக்க வந்த அத்தை நீளக் குச்சியோடு சிலாப்பை அண்ணாந்து பார்த்தார். அப்படியே குச்சியை இறக்கிவிட்டு, சத்தமில்லாமல் வெளியே போனார். நான் மேசையில் எழுதிக்கொண்டிருந்தேன். 'நம் வேலைக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது என்று போகிறார்' என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே வீட்டின் போக்கு மாறியது. நான் குடத்தைத் தொட்டால் அத்தை ஓடிவந்து பிடுங்கினார். மதியம் என் இலையில் மட்டும் ஈரல். சாயங்காலம் மாதுளம்பழத்தை உதிர்த்துக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தார். பப்பாளியைக் கையில் எடுத்தேன், அதைப் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டார். என் வீட்டுக்காரர் பாண்டியைக் கூப்பிட்டு, "ஏலே, இவள வண்டில ஏத்திக்கிட்டு மேடுபள்ளத்துல போன, காலை ஒடிச்சுப்புடுவேன்" என்றார். பக்கத்து வீட்டு மதினி வந்து ஒரு காரணமும் இல்லாமல் என் கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்துவிட்டுப் போனாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் இந்த வீடு கல்வியின் அருமையைப் புரிந்துகொண்டுவிட்டதே! அன்று இரவு பாண்டியிடம், "பாத்தீங்களா, ஆராய்ச்சிக்கு எவ்வளவு மரியாதைன்னு" என்றேன். அவர் (மிளகாய் விலையைத் தவிர எதையும் சந்தேகப்படாத மனிதர்) "நீ அன்னைக்கு வெளக்கமாச் சொன்னேல்ல, அதான்" என்றார்.

செவ்வாய்க்கிழமை அபிராமத்திலிருந்து என் அம்மா பஸ் ஏறி வந்து இறங்கினாள். பையில் நார்த்தங்காய் ஊறுகாய், புளிப்பு மாங்காய், வீட்டு நெய். வியாழக்கிழமைக்கு ஆசீர்வாதம் பண்ண வந்திருக்கிறாள் என்று நான் காலில் விழப்போனேன். "குனியாத, குனியாத" என்று பதறிப்போய்த் தூக்கினாள்.

"தலைகிலை சுத்துதா?"

"ரொம்ப சுத்துதும்மா."

"வாந்தி?"

"வியாழக்கெழமைய நெனச்சாலே வருது."

அம்மாவும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். தடயங்களைப் பார்த்து விஷயத்தைச் சொல்ல வேண்டியவள் நான். கண்ணுக்கு முன்னால் ஈரல், மாதுளை, நெய், நார்த்தங்காய் என்று வரிசையாகத் தடயம். ஒன்றுகூடப் பிடிபடவில்லை.

புதன்கிழமை கட்டிலில் ஏறி நின்று கூட்டின் கடைசி அறையை ஊசியால் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். பின்னால் ஒரு அலறல்.

"அடிப் பாவி! கூட்டப் போயி ஏண்டி குத்துற?"

அத்தை வாசலில் நின்றார். இரண்டு வருடத்தில் என்னை 'டி' போட்டது அன்றுதான். "சுத்தம் பண்றேன் அத்தை" என்றேன். அவர் ஊசியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். வியாழக்கிழமை காலை எழுந்து பார்த்தால் சிலாப்பில் கட்டி இல்லை. சுரண்டி எடுத்த மண்தடம் மட்டும்தான் இருந்தது.

பீரோவுக்குப் பின்னால் தேடினேன், கட்டிலுக்கடியில் தேடினேன், குப்பைக்குழிவரை போய்க் கிளறினேன். அத்தையிடம் கேட்டால், "அது பத்திரமா இருக்கு, நீ பேசாம படு" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. தேரியில் கைடு சாரும் பேராசிரியரும் வந்து இறங்கியிருப்பார்கள். வேறு வழியில்லை. அத்தையும் அம்மாவும் கொல்லைப்புறம் போன நேரம் பார்த்து, பாண்டி வண்டியைத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு வந்து ஸ்டார்ட் செய்தார்.

பேராசிரியர் ஒல்லியான மனிதர், தொப்பி போட்டிருந்தார். ஒவ்வொரு ஓட்டையாகக் காட்டினேன். ஒவ்வொன்றையும் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "வேர்" என்றார். அடுத்தது. "வேர்." மேலே இன்னும் நன்றாக இருக்கிறது என்று அலுமினிய ஏணியைக் கரையில் சாய்த்து நானே ஏறினேன். "நல்ல சாம்பிள் ஒண்ணு இருக்குன்னு சொன்னீங்களேம்மா?" என்றார் கைடு சார் கீழேயிருந்து. "வீட்டுல... பத்திரமா இருக்கு சார்" என்றேன். எனக்கே அது கேவலமாகக் கேட்டது. பேராசிரியர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். முடிந்தது கதை என்று ஏணியில் நின்றபடியே எனக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கரிமூட்டை ஏற்றிய ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. முன்சீட்டில் என் அம்மா. பின்னால் மூட்டைகளுக்கு நடுவில், ஒரு ஓலைப்பெட்டியை மார்போடு அணைத்துப் பிடித்தபடி, முகமெல்லாம் கரியோடு அத்தை. (போனில் கேட்டதும் இடத்தை அப்படியே ஒப்பித்திருக்கிறார் பாண்டி. அவருக்குத் தன் அம்மாவிடம் பொய் சொல்லத் தெரியாதாம்.)

"ஏ புள்ள! எறங்குடி கீழ!"

இறங்கினேன். அத்தை நேராகப் பேராசிரியரிடம் போனார்.

"ஏங்கய்யா, புள்ளத்தாச்சிப் பொண்ண இப்படி வெயில்ல ஏணில ஏத்தி விட்ருக்கீகளே, நீங்கள்லாம் படிச்சவுகதானா?"

கைடு சார் வெளுத்துப்போய், "நீங்க சொல்லவே இல்லையேம்மா" என்றார். பாண்டி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "எங்கிட்டயும் சொல்லல சார்."

"யாரு சொன்னா அத்தை?" என்றேன்.

"குளவி சொல்லுச்சு." அத்தை ஓலைப்பெட்டியைத் திறந்தார். உள்ளே அரிசிக்கு நடுவே என் கட்டி. "நீ ஊசியால குத்திக் கலைச்சுப்புடுவேன்னு பேத்து அரிசி டிரம்முக்குள்ள வச்சேன். இல்லேன்னு சாதிப்பன்னு இப்பச் சாட்சிக்குக் கொண்டாந்தேன்."

அதற்குள் என் அம்மா கூட்டைப் பார்த்துவிட்டாள். "செம்மண்ணு கூடு மதினி. ஆம்பளப் பிள்ளைதான்."

"செம்மண்ணுன்னா பொம்பளப் பிள்ளை மதினி. கரிசல்னாதான் ஆம்பள."

"எங்க ஊருல செம்மண்ணுதான் ஆம்பள."

"ஒங்க ஊரு குளவிக்கு என்ன தெரியும்?"

சம்பந்திகள் இருவரும் தேரியில் நின்று சத்தமாகச் சண்டை போட்டார்கள். பூமி பிளந்து என்னையும் ஒரு பூச்சிப் பொந்துக்குள் இழுத்துக்கொள்ளாதா என்று நின்றேன். பேராசிரியர் மட்டும் பெட்டியிலிருந்து கட்டியைக் கையில் எடுத்தார். அறைகளுக்குள் அரிசி இறங்கியிருந்தது. கட்டியை நிமிர்த்திப் பிடித்து ஆட்டினார். அடிவழியாக ஒரு மணிகூட உதிரவில்லை. கவிழ்த்தார். ஒவ்வொரு அறையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக அரிசி அவர் உள்ளங்கையில் கொட்டியது. மறுபடி நிமிர்த்தி, லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"வேர் போன ஓட்டைன்னா அரிசி அந்தப் பக்கம் ஒழுகிருக்கும்" என்றார். "எல்லா அறைக்கும் தரை இருக்கு. கூடுதான்."

நான் குதித்திருக்க வேண்டும். "அதான் நானும் சொல்றேன், கூடுதான்" என்று அத்தை பெருமையாக என்னைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் என்னால் குதிக்க முடியவில்லை. இப்போது நான் அந்த முகத்திடம் சொல்லியாக வேண்டும்.

"அத்தை... அது நம்ம வீட்டுல கட்டுனதில்ல. இங்கேருந்து நாந்தான் எடுத்தாந்து ஒட்டி வச்சேன். பல ஆயிரம் வருசத்துக்கு முந்தின கூடு."

"அப்ப... நீ இல்லையா?"

"இல்ல அத்தை."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கரி இன்னும் பரவியது. பிறகு, "சரி, அய்யாமாரு ரெண்டு பேரும் சாப்ட்டாகளா?" என்று வண்டியிலிருந்து தூக்குச்சட்டியை எடுத்தார். வாய்க்கசப்புக்கென்று எனக்காக வந்த நார்த்தங்காயைப் பேராசிரியர் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

திரும்பும்போது நான் பைக்கில் போகவில்லை. குட்டியானையில் கரிமூட்டைமேல் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுதூரம் வந்தபிறகு அவர் சொன்னார்: "நான் கேக்கக் கூடாதுன்னுதான் தாயி இருந்தேன். குளவியே வந்து சொன்னதும் பொறுக்கல." அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஊர்வரை அழுதேன். எனக்கு முனைவர் பட்டம் உறுதியான நாளும் அதுதான்.

பட்டம் வந்து வெகுநாள் கழித்து, எல்லோரும் கேட்பதை விட்டபிறகு, எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கையில் வாங்கிய அத்தைக்குத் துளி ஆச்சரியம் இல்லை. "கல்லாப் போன கூடுல்ல, மெதுவாத்தான் வேலை செய்யும்" என்றார். பிறகு என் அம்மா பக்கம் திரும்பி, "செம்மண்ணு, பொம்பளப் பிள்ளை" என்றார். அது செம்மண்ணே இல்லை, ஒருமாதிரி காவி நிறம் என்று அம்மா இன்றைக்கும் வாதாடுகிறாள். எங்கள் வீட்டில் பஸ் வரவில்லையென்றாலும், கேஸ் வரவில்லையென்றாலும், "கல்லுக் குளவி சொல்லிருச்சு, வரும்" என்றுதான் பேச்சு.

அந்தக் கட்டி இப்போது எங்கள் துறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. ஓர் அறையில் ஒரு அரிசி மணி சிக்கியிருக்கிறது, நான் எடுக்கவில்லை. போன மாதம் மகளையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு போனேன். மகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல எது என்னோட ரூமு?"

நான் யோசிப்பதற்குள் அத்தை விரலை நீட்டிக் காட்டினார்.

"அந்தா, அரிசி இருக்கு பாரு, அதுதான். நீ வர நாளாகும்னு சோறு போட்டு வச்சிருந்தேன்."