நெசமாவா எழுதிய அரிசி மூட்டை

பொய் கலக்காமல் விளம்பரம் எழுதி, அதை வைத்தே பிழைப்பும் நடத்திய மனிதர் காவிரி பாயும் ஊர்கள் அத்தனையிலும் ஒரே ஒருவர்தான். அவருடைய பெயர் சுப்பிரமணியனோ பாலசுப்பிரமணியனோ, நாங்கள் யாரும் சரிபார்த்ததில்லை. தஞ்சாவூரில் நான் டிசைனராக இருந்த ஃபிளெக்ஸ் கடையில் அவர் மேட்டர் எழுதுகிறவர். விளம்பரத்தில் படம் போக மிச்சமிருக்கும் எழுத்துக்கெல்லாம் எங்கள் தொழிலில் மேட்டர் என்று பெயர். கடைக்கு வருகிறவர் எதைச் சொன்னாலும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, "நெசமாவா?" என்பார். அதுவே பெயராகிவிட்டது.

ஒருநாள் காராசேவு கடைக்காரர் ஒருவர் போர்டு அடிக்க வந்தார். "நூறாண்டுப் பாரம்பரியம்னு மேல போட்டுருங்க" என்றார்.

"நெசமாவா? கடை எப்ப தொறந்தீங்க?"

"கொரோனாவுக்கு மொத வருஷம்."

நெசமாவா தலையை ஆட்டிக்கொண்டே எழுதி அடிக்கக் கொடுத்துவிட்டார்: 'கொரோனாவுக்கு முந்தின வருடம் திறந்தோம். இன்னும் மூடவில்லை.' கடைக்காரர் எங்கள் முதலாளியிடம் கத்திவிட்டுத்தான் போனார். ஆனால் வேறு வாசகம் அடிக்க நேரமில்லாமல் அதையே மாட்டினார். போகிற வருகிற பஸ்ஸிலிருந்தெல்லாம் ஜனங்கள் அந்த போர்டைப் படித்துச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் இறங்கிவந்து காராசேவும் வாங்கினார்கள் என்று கடைக்காரரே பிறகு ஒப்புக்கொண்டார்.

ஒரு மெஸ்காரர் 'வீட்டுச் சாப்பாடு' என்று போடச் சொன்னதும், "யாரு வீட்டுச் சாப்பாடுங்க?" என்று நெசமாவா கேட்டார். மூன்று நாள் அங்கேயே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து நோட்டீஸ் எழுதினார்: 'சாம்பார் நன்றாக இருக்கும். ரசம் மிக நன்றாக இருக்கும். பொரியலைப் பற்றி நேரில் பேசுவோம்.' அந்த மெஸ்காரர் அப்புறம் எங்கள் கடைப் பக்கமே வரவில்லை. எல்லாக் கதையும் ஜெயித்தது என்று நான் எழுதினால் நெசமாவாவுக்கே பிடிக்காது.

அவரை நான் முழுசாகப் புரிந்துகொண்டது நன்னிலம் பக்கத்து ரைஸ் மில் விவகாரத்தில்தான். மில்காரர் ராஜேந்திரன் வெறும் வெள்ளைச் சாக்கில் அரிசி விற்றுக்கொண்டிருந்தவர். பளபளவென்ற பையில் வெளியூர் அரிசி வந்து இறங்கியதும் கடைக்காரர்கள் இவரை மறந்துவிட்டார்கள். மில் வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. நல்ல பை ஒன்று அடித்துப் பார்ப்போம், அதுவும் சரிப்படாவிட்டால் மில்லைக் கொடுத்துவிடலாம் என்று எங்களிடம் வந்தார்.

"ராஜாக்கள் சாப்பிட்ட அரிசின்னு போடுங்க. யானைப் படம் ஒண்ணு வச்சிக்கலாம்."

"நெசமாவா? நீங்க அரைக்கிறது பொன்னி. பொன்னி வந்ததே நம்ம அப்பா காலத்துல. எந்த ராஜாங்க சாப்பிட்டாரு?"

"சும்மா ஒரு இதுக்குத்தாங்க."

"கதை கட்ட வேணாங்க. எல்லாக் கடையிலயும் கதை கெடக்கு. ஓனருக்குத்தான் அது கதைன்னு தெரியாது. நாங்க நேர்ல வர்றோம்."

போனோம். ஒரு பகல் முழுக்க உமித்தூசியில் நின்று எல்லோரையும் கேள்வி கேட்டார். எனக்குத் தும்மல்தான் மிச்சம். மத்தியானம் மில்லை ஒட்டிய வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். ராஜேந்திரனின் மனைவி தனலட்சுமி அக்கா தனியாக ஒரு கிண்ணத்திலிருந்து ஒரு வாய்ச் சோறு எடுத்துப் போட்டுக்கொண்டு, "காலைல அரைச்ச லாட்டு வேணாங்க. சோறு வெறச்சிக்கிட்டு நிக்குது" என்றார்.

ராஜேந்திரன் முகம் சுண்டிப்போனது. "இவ இப்படித்தாங்க. ஒவ்வொரு லாட்டுலயும் ஒரு படி ஒலைல போட்டுப் பாப்பா. பிடிக்கலன்னா மூட்டை தைக்க விடமாட்டா. அதெல்லாம் மாவு மில்லுக்குத்தான் போவும்."

நெசமாவா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அடுத்த வாரம் பை அடித்து வந்தது. யானை இல்லை. 'தனலட்சுமி பொன்னி' என்ற பெயருக்குக் கீழே நான்கே வரி: 'ஒவ்வொரு லாட்டும் முதலில் தனலட்சுமி வீட்டு உலையில் வேகும். அவர் சாப்பிட்டுத் தலையாட்டினால்தான் மூட்டை தைப்போம். அவர் ஆட்டாவிட்டால் மில் முதலாளியால்கூட ஒன்றும் செய்ய முடியாது. முதலாளி அவருடைய கணவர்தான்.'

மளிகைக் கடைகளில் பெண்கள், "புருஷனை அடக்கி வச்சிருக்க அந்தம்மா அரிசி இருக்கா?" என்று கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். ஆறே மாதத்தில் மில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓய்ந்தது.

அடுத்த ஆனியில் ஐந்து கிலோ பை டிசைனைக் காட்ட மறுபடி நன்னிலம் போனோம். வாசலில் மினி லாரி நிறைய மூட்டை, புறப்படத் தயாராக இருந்தது. நெசமாவா உள்ளே எட்டிப் பார்த்து, "அக்கா எங்க?" என்றார்.

"சிங்கப்பூர்ல. மகளுக்குப் பிரசவம். போயி பத்து நாளாச்சு" என்றார் ராஜேந்திரன்.

"அப்ப இந்த மூட்டையெல்லாம் யாரு சாப்பிட்டுப் பாத்தது?"

"நாந்தான் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு."

நெசமாவா போய் லாரிக்கு முன்னால் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க இது? யாருக்குத் தெரியப்போவுது?"

"எழுதின எனக்குத் தெரியுதுல்ல."

"கடைக்காரன் காத்துக்கிட்டிருக்கான். இன்னிக்கு அனுப்பலன்னா வேற அரிசி எடுத்துருவான். மறுபடி மில்லு மூணு நாள்தான் ஓடணுமாங்க?"

ராஜேந்திரன் கெஞ்சியதைக் கேட்டு எனக்கே நெசமாவா மேல் ஆத்திரமாக வந்தது. ஆனால் நெசமாவா கையில் அதற்குள் பேனா ஓடிக்கொண்டிருந்தது. எழுதியதை ஜெராக்ஸ் கடையில் துண்டு துண்டாக அடித்து வந்து, மூட்டைகளை இறக்கி, ஒவ்வொன்றிலும் நானும் அவரும் பசை தடவி ஒட்டினோம். சுமை தூக்குகிறவர்கள் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

ராஜேந்திரன் ஒரு துண்டை எடுத்துப் படித்தார்: 'தனலட்சுமி ஊரில் இல்லை. மகள் பிரசவத்துக்குப் போயிருக்கிறார். இந்த அரிசியை அவருடைய கணவர் சாப்பிட்டுப் பார்த்தார். அவருக்கு எல்லாச் சோறும் நன்றாகத்தான் இருக்கும். பார்த்து வாங்கவும்.'

"பாத்து வாங்கவும்னு எந்த ஊர்லங்க விளம்பரம் எழுதுவாங்க?" என்றார் அழாத குறையாக.

மூன்றாம் நாள், பையில் போட்டிருந்த நம்பருக்குப் போன் வர ஆரம்பித்தது. முதல் போன் பாபநாசத்திலிருந்து ஒரு அம்மா. திட்டு வாங்கத் தயாராக ராஜேந்திரன் காதில் வைத்தார். அந்த அம்மா கேட்டது இவ்வளவுதான்: "பொறந்தது ஆணா, பொண்ணாங்க?"

அன்றைக்கே பத்துப் பேர் அதையே கேட்டார்கள். அதனால் அடுத்த லோடுக்கு வேறு துண்டு போனது: 'பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். தனலட்சுமி ஆடிக் கடைசியில் வருவார். அதுவரை கணவர்தான்.' அந்த இரண்டு மாதம் விற்பனை கொஞ்சம் படுத்தது உண்மை. ஆனால் எந்தக் கடைக்காரரும் வேறு அரிசிக்குப் போகவில்லை. தனலட்சுமி அக்கா வந்து இறங்கியதும் கணவர் பாஸ் செய்து வைத்திருந்த சரக்கில் பாதியை மாவு மில்லுக்கு அனுப்பினார்.

நான் வேலையை விட்டு கும்பகோணத்தில் தனிக்கடை போட்டபோது, விசிட்டிங் கார்டுக்கு நெசமாவாவிடம் ஒரு வரி கேட்டேன். கண்ணாடியை இறக்கி என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுதினார்: 'சொன்ன நேரத்துக்கு வரமாட்டார். வந்தால் வேலையை முடிக்காமல் போகமாட்டார்.'

இரண்டாவது வாக்கியத்தை மட்டும் போட்டால் போதுமே என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள். நான் கார்டை மாற்றவில்லை. என்னை அவ்வளவு கவனித்துப் பார்த்து எழுத எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?