ஏகாம்பரத்துக்கு ஒரு நிமிட மௌனம்

காவாந்தண்டலம்,
செவ்வாய்க்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான மச்சான் ஆல்பர்ட் அவர்களுக்கு, அருள்தாஸ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. தாம்பரத்தில் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருக்க ஜெபிக்கிறோம். இங்கே உங்கள் தங்கை பிரிஸ்கில்லா சுகம், ஆடுகள் இரண்டும் சுகம். என்னைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். போனில் சொன்னால் சிரிப்பீர்கள், அதனால்தான் கடிதம்.

நம்ம ஏகாம்பரத்துக்கு நாற்பத்தெட்டு வயதில் ஒருவழியாகப் போன வியாழக்கிழமை உத்திரமேரூர் மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. பெண் ஆதிலட்சுமி, பழையசீவரத்தில் அங்கன்வாடி டீச்சர். உங்களுக்கு லீவு கிடைக்காமல் போனது ஒருவிதத்தில் நல்லது. "ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து கூடவே கீற, நீதான்டா வாழ்த்துரை பேசணும், மைக் புடிக்கிற ஆளு வேற யாரு கீறான்?" என்று பத்திரிகையிலேயே என் பெயரைப் போட்டுவிட்டான். மைக் பிடிக்கிற ஆள்தான், இல்லை என்று சொல்லவில்லை. இந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் செத்தாலும் பதினாறாம் நாள் படத்திறப்புக்கு இரங்கல் பேச என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். இருபது வருஷமாக வேறு எதற்கும் கூப்பிட்டதில்லை, நானும் வேறு எதுவும் பேசியதில்லை. இதை ஒருத்தராவது யோசித்தார்களா?

பத்து நாள் உட்கார்ந்து எழுதிய இரண்டு பக்கத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். உங்கள் தங்கை அந்தச் சட்டையைத் துவைத்துக் கஞ்சி போட்டு இஸ்திரியும் போட்டுக் கொடுத்தாள். சரி, மனசில் இருப்பதைப் பேசுவோம் என்று மேடை ஏறினால், ஏகாம்பரத்தின் தங்கைகள் மூன்று பேரும் சேர்ந்து அண்ணன் படத்தை ஆளுயரத்துக்கு அடித்து வைத்திருக்கிறார்கள், பூக்காரன் மிச்சமிருந்த சம்பங்கி மாலையை அந்தப் படத்தின் மேலேயே மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். படம், மாலை, மைக். அவ்வளவுதான் மச்சான், வாய் தன்பாட்டுக்கு ஓடிவிட்டது. நடவு நேரத்தில் யார் மோட்டார் நின்றாலும் தட்டில் கைவைத்த சோற்றை விட்டு எழுந்து ஓடுவான், எங்கம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பன்னிரண்டு நாள் என்னோடு வெறும் தரையில் படுத்தான், இப்படி ஒருத்தன் இனி நமக்குக் கிடைப்பானா என்று தழுதழுத்தேன். மண்டபத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைக்கிறார்கள். அந்த ஜோரில், "அன்னாரின் ஆத்மா சாந்தியடைய அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவோம்" என்று சொல்லித் தொலைத்தேன்!

நான்தான் மடையன் என்றால், கேட்டவர்களுக்குப் புத்தி எங்கே போனது? முந்நூறு பேரும் எழுந்துவிட்டார்கள். மேளக்காரர் குச்சியைக் கீழே வைத்தார். மாலையும் கழுத்துமாக ஏகாம்பரமே எழுந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அந்தப் பெண் ஒருத்திதான் உட்கார்ந்தபடியே, "இன்னாங்க, உங்களுக்கு நீங்களே நிக்கிறீங்க?" என்று அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். அவளுடைய பெரியம்மா கோவிந்தம்மாள், "அடப்பாவி, தாலி கட்டி அரை மணி நேரங்கூட ஆவலியேடா!" என்று போட்ட சத்தத்தில்தான் எனக்கு உணர்வு வந்தது. பின்வாசல் வழியா ஓடியாந்துட்டேன் மச்சான், ஒருவாய் சாப்பிடக்கூட இல்ல.

தினமும் காலையில் டீக்கடையில் ஏகாம்பரமும் நானும் ஒண்ணா நின்னு டீ குடிப்போம். அஞ்சு நாளா அவன் வரல, போன் அடிச்சா எடுக்கல. பழக்கதோஷத்துல ரெண்டு டீ சொல்லிட்டு ரெண்டையும் நானே குடிக்கிறேன். அவன் பேசலன்னா எனக்கு யாரு மச்சான் இருக்காங்க? அவனுக்கு மோட்டார் காயில் கட்டும் வேலையைக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள், உங்கள் பேச்சைத் தட்டமாட்டான். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வந்து எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள். இனி செத்தாலும் மைக்கைத் தொடமாட்டேன், இது வேதபுத்தகத்தின் மேல் சத்தியம்.

அக்காவுக்கு ஸ்தோத்திரம், பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் மூட்டுவலியைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
அருள்தாஸ்

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது வாசலில் வண்டிச் சத்தம். ஏகாம்பரமும் அந்தப் பெண்ணும்! திருப்பதிக்குப் போயிருந்தார்களாம், போன் வூட்டிலேயே கிடந்ததாம். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண், "எங்க நைனாவைப் பத்தி ஊரே நல்லா பேசிச்சி அண்ணா, அவரு போன அப்புறம். இவரு அதை உசுரோட கேட்டுட்டாரே" என்று கண் கலங்கினாள். "நீ ஏன்டா எழுந்து நின்ன?" என்றேன். "அவ்ளோ நல்லவன் யாரோ செத்துட்டான்னு நெனச்சிக்கினு நின்னுட்டேன்டா" என்றான். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம். நீங்கள் வர வேண்டாம். வந்தாலும் என்னைப் பிடிக்க முடியாது, ஞாயிற்றுக்கிழமை பழையசீவரத்தில் எனக்குக் கூட்டம் இருக்கிறது. கோவிந்தம்மாள் தன்னைப் பற்றியும் இப்போதே பேசிவிடச் சொல்லி மைக்செட்டுக்குச் சொல்லிவிட்டாராம். சத்தியம் பண்ணிய வரியை மட்டும் படிக்காதீர்கள்.