வீட்டுக்கு ஒரு சீஃப்

மனைவியிடம் அனுமதி கேட்கக் கூடாது, அவளாகவே அனுமதி கொடுக்கும்படி செய்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் நான் தனியாக எடுத்த முதல் முடிவு அது.

விஷயம் இதுதான். நானும் அவளும் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே குழந்தைகள் பிரிவில் பயிற்சி டாக்டர்கள். அன்று காலை பெரிய டாக்டர் என்னை அறைக்கு அழைத்து, "வர்ற ஒரு வருஷம் நீங்கதான் சீஃப் ரெசிடென்ட்" என்றார். இருபத்திரண்டு பயிற்சி டாக்டர்களுக்கும் நான் தலைவன்! கதவில் பெயர்ப்பலகை! என் எதிர்காலம் ராக்கெட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டும் போட்டுக்கொண்டது.

ஆனால் நான் கிழக்கு என்றால் அவள் மேற்கு என்பாள். அதனால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சீஃப் ரெசிடென்ட் ஆகச் சொல்றாரு. வேண்டாம்னு சொல்லப்போறேன்."

"ஏங்க?"

"வெட்டி வேலை. ஒரு டாக்டருக்கு அதனால என்ன பிரயோஜனம்?"

"என்னங்க இப்படிச் சொல்றீங்க? நாளைக்கு நிரந்தர வேலைக்கு இன்டர்வியூ போனா முதல்ல அதைத்தான் பார்ப்பாங்க. மரியாதை தேடி வருது, எட்டி உதைக்கிறீங்களே!"

"நீ சொல்றேன்னா..."

"நான்தான் சொல்றேன். எடுத்துக்கோங்க."

விழுந்தாள்! குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வெளியே கேட்காமல் சிரித்தேன்.

தலைமை ஏற்ற மூன்றாம் மாதமே தலைக்கு மை வாங்க வேண்டியதாயிற்று. காரணம், டியூட்டி லிஸ்ட். யாருக்கு எந்த நாள் வேலை என்று போடுவது சீஃப்பின் பொறுப்பு.

"சார், ஞாயிற்றுக்கிழமை என் தங்கச்சிக்குக் கல்யாணம்."

"போன மாசமும் தங்கச்சிக்குத்தானே கல்யாணம்?"

"அது வேற தங்கச்சி சார்."

லிஃப்ட் நின்றால் எனக்கு போன். ஓய்வறையில் விசிறி சுற்றாவிட்டால் எனக்கு போன். நோயாளிக் குழந்தைகளை நான் பார்ப்பதே, குணமாகி நடைபாதையில் என்னைத் தாண்டி ஓடும்போதுதான்.

மனைவியோ சாயங்காலம்தோறும் குழந்தைகளுக்கு இதய ஸ்கேன் எடுக்கும் பயிற்சிக்குப் போனாள். "எனக்கு மட்டும் சாயங்கால டியூட்டி போட்டுடாதீங்க, என்ன?" என்பாள். போடவில்லை. மீதி இருபத்தொரு பேரும் திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

வருஷக் கடைசியில் ஒரே ஒரு நிரந்தர இடம் வந்தது. இருவரும் விண்ணப்பித்தோம்.

"சீஃப்பா இருந்து என்ன கத்துக்கிட்டீங்க?" என்று தேர்வுக் குழுவில் கேட்டார்கள்.

"எந்த டாக்டருக்கு எந்தத் திங்கட்கிழமை வயிறு வலிக்கும்னு முன்கூட்டியே சொல்லிடுவேன் சார்."

சிரித்தார்கள். அடுத்து அவள் போய், இருநூறு குட்டி இதயங்களைப் பார்த்ததைச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. வேலையைக் கொடுத்துவிட்டார்கள். முதலில் கைதட்டியவன் நான்தான். பெருமையாகத்தான் இருந்தது, வயிறும் எரிந்தது.

நேரே பெரிய டாக்டரிடம் போய்க் குமுறினேன். "சீஃப்பா இருந்தா முன்னேற்றம்னு எல்லாரும் சொல்றாங்களே சார், எங்க சார் முன்னேற்றம்?"

"உங்க வீட்டுக்குத்தானே வந்திருக்கு!" என்று தோளைத் தட்டினார். "அந்தப் பதவியை முதல்ல உங்க மனைவிக்குத்தான் கொடுத்தேன். அவங்கதான், 'எனக்கு வேண்டாம் சார், எங்க வீட்டுக்காரரைக் கேளுங்க. வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டே வாங்கிக்குவார்'னு சொன்னாங்க."