இரண்டாவது மேஜரும் ஒரு தாய்ப்பன்றியும்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. கடைசியாக அமெரிக்கக் கல்லூரிகளில் இரண்டாவது மேஜரைக் கண்டுபிடித்துவிட்டு, இனி ஆக வேண்டியது ஒன்றுமில்லை என்று கையைத் துடைத்துக்கொண்டது. மேஜர் என்றால் பட்டத்துக்காக எடுக்கும் முதன்மைப் பாடம். ஒன்றே ஒன்றை எடுத்துப் படிக்கிறவன் அரை மனிதன். இரண்டை எடுத்துப் படிக்கிறவன் 'முழுமை பெற்ற ஆளுமை'. இதில் குறை சொல்கிறவன் யார் என்று விசாரித்துப் பாருங்கள், ஒரே பாடம் படித்தவனாக இருப்பான்.

அயோவா மாநிலத்துச் சிறு கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு உயிரியல் படித்த கார்பின் வேன்டர்ஸ்லூட் அப்படியோர் அரை மனிதன். வீட்டில் நானூறு பன்றிகள். தீனி, ஊசி, பிரசவம் எல்லாவற்றுக்கும் அவனும் அப்பா டர்க்கும்தான். பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையின் பன்றிப் பிரிவில் கோடை விடுமுறைக்கு ஒரே ஒரு பயிற்சி இடம் உண்டு. பன்றி டாக்டர் ஆக வேண்டும் என்று நினைக்கத் தொடங்கிய நாளிலிருந்தே அவனுக்கு அந்த இடத்தின் மேல் கண்.

"பன்னி வளக்கறவன் பன்னி ஆஸ்பத்திரிக்கு வரேங்கறான். இதுல என்னடா புதுசு?" என்றான் அறைத் தோழன் டெஷான். இவன் இயற்பியலோடு நடனம் படிக்கிறவன். சாப்பிட உட்கார்ந்தாலும் ஒரு காலை நீட்டிக்கொண்டுதான் உட்காருவான். "உன் விண்ணப்பம் வெண்ணெய் தடவாத ரொட்டி மாதிரி இருக்கு. முதல்ல அந்தப் பன்னியையெல்லாம் அதுலேர்ந்து தூக்கு."

"பன்னியத் தூக்கிட்டா மிச்சம் என்னடா இருக்கு?"

"ஒண்ணுமில்ல. அந்த ஓட்டையை அடைக்கத்தான் ரெண்டாவது மேஜர்."

கல்லூரியின் உள்விளையாட்டரங்கில் 'மேஜர் திருவிழா' நடந்தது. துறைக்கு ஒரு மேசை. மாணவர் குறைந்த துறைகளை மூடிவிடுவது என்று நிர்வாகம் 'கனத்த இதயத்தோடு' முடிவெடுத்திருந்ததால், பேராசிரியர்கள் அறிவைக் கூவிக் கூவி விற்றார்கள். புவியியல் துறை டோனட் கொடுத்தது. நாடகத் துறைத் தலைவர் கேட்பவர்களுக்கெல்லாம் அழுது காட்டினார். ஓரத்தில் தத்துவத் துறை, அதாவது பேராசிரியை இமோஜென் பிராட், தன் கிழட்டு நாயோடு உட்கார்ந்திருந்தார்.

"வாப்பா, நாயைத் தடவிக் கொடு. கையெழுத்து அப்புறம் போடலாம்."

"தத்துவம் எடுத்தா என்ன கிடைக்கும் மேடம்?"

"எனக்கு வேலை நிலைக்கும்."

"எனக்கு?"

"அதைக் கேக்கறதுதான் தத்துவம். கையெழுத்துப் போட்டுட்டுக் கேளு."

"உயிரியலோட சேருமா மேடம்?"

"உருளைக்கிழங்கு எதோடப்பா சேராது?"

இவ்வளவு ஆழமான விளக்கத்துக்குப் பிறகு யார்தான் தயங்குவார்கள்? கார்பின் கையெழுத்துப் போட்டான். அன்று முதல் அவன் நடை தளர்ந்தது, புருவம் உயர்ந்தது. உணவுக்கூடத்தில் "பீட்சாவா பாஸ்தாவா?" என்று கேட்டால் தேர்வு என்பதே சாத்தியமா என்று யோசித்தான். பின்னால் வரிசை நீண்டது, வசவும் நீண்டது. விண்ணப்பத்திலிருந்து நானூறு பன்றிகளையும் அப்பாவையும் ஒரே மூச்சில் துரத்திவிட்டு, அந்த இடத்தில் 'இரு அறிவுத் துறைகளின் சங்கமம்' என்று எழுதினான். அதைப் படித்தபோது அவனுக்கே அவன்மேல் மரியாதை வந்தது.

நேர்காணலுக்கு அழைத்தார்கள். பன்றிப் பிரிவின் தலைவர் டாக்டர் ராக்ஸேன் டீக் மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சங்கமத்தைப் பற்றி அவர் கேட்க வாயெடுத்தபோது பக்கத்துக் கொட்டிலிலிருந்து அலறல். தாய்ப்பன்றி ஒன்று குட்டி போட முடியாமல் திணறிக்கொண்டிருந்தது.

"என் கை இப்படி இருக்கு, உதவிக்கு வரவனும் இன்னிக்கு லீவு," என்று அவர் பதறுவதற்குள் கார்பின் கோட்டைக் கழற்றிவிட்டான். முழங்கை வரை கழுவினான், வழுவழுப்புக் களிம்பைத் தடவினான், வைக்கோலில் படுத்தான். பன்றி முக்கும்வரை காத்திருந்து, முக்கும்போது மட்டும் இழுத்தான். குட்டி வந்தது. மூக்கைத் துடைத்து, துண்டால் தேய்த்துவிட்டதும் கீச்சென்று கத்தியது. அந்தச் சில நிமிடங்கள் அவனுக்கு எந்த மேஜரும் ஞாபகம் இல்லை. உண்மையாகவே சந்தோஷமாக இருந்தான்.

"அடேயப்பா! இதெல்லாம் எங்கப்பா கத்துக்கிட்ட?"

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. முழுமை பெற்ற ஆளுமை அதை விழுங்கியது.

"தத்துவத் துறையில, டாக்டர்."

"தத்துவத்துலயா!"

"எதிர்ல இருக்கற உயிரோட வலிக்கு நாம காத்திருக்கணும். ஒழுக்கவியலே அதுதானே?"

டாக்டர் கட்டுப் போட்ட கையோடு அதை அப்படியே எழுதிக்கொண்டார். கார்பின் விசிலடித்தபடி ஊர் திரும்பினான்.

அடுத்த வாரம், வீட்டுக் கொட்டிலில் சாணி அள்ளிக்கொண்டிருந்தபோது டாக்டரிடமிருந்து அழைப்பு. அப்பாவும் கேட்டுப் பூரிக்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டான்.

"கார்பின், நீ எங்க குழுவோட கண்ணைத் திறந்துட்ட. இத்தன வருஷமா பண்ணைப் பசங்களாப் பாத்து எடுத்துட்டு இருந்தோம் பாரு, எவ்வளவு குறுகின பார்வை!"

"நன்றி டாக்டர். எப்ப வந்து சேரட்டும்?"

"அதுலதான் ஒரு சின்னச் சங்கடம். சிகாகோவுலேர்ந்து ஒரு பொண்ணு விண்ணப்பிச்சிருக்கா. அவ முழுக்க முழுக்கத் தத்துவம். உனக்குப் பாதிதானே?"

"அவங்க... அவங்க பன்னியப் பாத்திருக்காங்களா டாக்டர்?"

"நீ மட்டும் பாத்திருந்தியா என்ன? எங்க கத்துக்கிட்டன்னு கேட்டதுக்குத் தத்துவத் துறையிலன்னுதானே சொன்ன. அன்னிக்கு எவ்வளவு பிரமாதமா செஞ்ச!"

அழைப்பு முடிந்தது. டர்க் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு மகனைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் கார்பினுக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

"ஏன்டா, எங்க கத்துக்கிட்டன்னு அந்தம்மா கேட்டப்ப, 'எங்கப்பாகிட்ட'ன்னு சொல்லவிடாம உன் வாயைப் பொத்தினது எந்த மேஜர்டா? முதலாவதா, ரெண்டாவதா?"