நூலில்லாமல் தைத்த ஜாதகம்

என் அக்காவின் ஜாதகத்தை இதுவரை ஆறு ஜோசியர்கள் பார்த்திருக்கிறார்கள். அதைத் தையல் மிஷினில் கொடுத்து ஓட்டியவன் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டு விசேஷங்களில் யாராவது ஒருவர் இந்தக் கதையை எடுத்துவிடுகிறார், அதையும் தப்புத் தப்பாகச் சொல்கிறார். குற்றவாளியே எழுதி வைத்துவிட்டால் எல்லோருக்கும் வசதி.

அப்போது எனக்குப் பதினொரு வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருமுனை மாடியில், மே மாத லீவுக்குப் பிள்ளைகளுக்கான தையல் வகுப்பு என்று போர்டு வைத்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு என்று போட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். போடவில்லை. அம்மா போர்டைப் படித்த அன்றைக்கே என்னைச் சேர்த்துவிட்டார். (முந்தின வாரம் நான் ஃபேன் இறக்கையில் ரப்பர் பந்தைக் கட்டி ஸ்விட்சைப் போட்டுப் பார்த்திருந்தேன். அம்மா அதற்குள் போக வேண்டாம் என்கிறார்.) வகுப்பில் ஒன்பது பெண்கள், நான்.

சொல்லிக்கொடுத்தவர் எஸ்தர் டீச்சர். அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. முதலில் துணியும் கிடையாது, நூலும் கிடையாது. வெறும் ஊசி, வெறும் தாள். தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே மிஷினை ஓட்ட வேண்டும். ஊசி போன வழி ஓட்டை ஓட்டையாகத் தெரியும். நேர்க்கோடு வந்துவிட்டால் அடுத்து கட்டம். மூலைக்கு வந்ததும் ஊசியைத் தாளுக்குள் இறக்கி நிறுத்தி, லிவரைத் தூக்கி, தாளைத் திருப்பி, மறுபடி ஓட்ட வேண்டும். கட்டம் ஒழுங்காக வந்தவர்களுக்குத்தான் துணி.

ஒன்பது பெண்களும் ஐந்தாம் நாளே கைக்குட்டைக்குப் போய்விட்டார்கள். பத்தாம் நாளும் நான் தாளிலேயே இருந்தேன். தப்பு முழுவதும் என்னுடையது என்று சொல்ல முடியாது. என் ஸ்கேலை வைத்துக் கத்திச்சண்டை போட்டதில் அதன் ஓரம் ரம்பம் மாதிரி ஆகியிருந்தது.

“என்னாடா இது, கட்டமா? காலொடிஞ்ச நண்டு ஓடுன மாதிரி இருக்கு,” என்றார் டீச்சர். “நாளைக்கு நேரா கோடு போட்டு எடுத்துக்கிட்டு வா. இல்லன்னா நீ மாடிக்கே வராத. கீழ நின்னு இவுங்க செருப்ப எல்லாம் பாத்துக்க.”

ஒன்பது பேரும் சிரித்தார்கள். அதில் ஒருத்தி எனக்கு இரண்டு வயது சின்னவள். மானம் போன மனிதன் எதற்கும் துணிவான். நான் அம்மாவின் பீரோவைத் திறந்தேன்.

அந்தச் சமயத்தில் கோமதி அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா ஜாதகத்தில் ஏழாம் வீட்டில் செவ்வாய். அந்த ஒரு கிரகத்தால் ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. மூன்றாவதாக வந்தது சிதம்பரத்து இடம். மாப்பிள்ளை பெயர் பிரபு, ஆஸ்பத்திரி லேபில் வேலை. அக்கா வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவருடைய போட்டோவைத் தன் பி.எட். புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு நாலு தடவை அந்த ஒரே பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

பீரோவில் ஜாதக செராக்ஸ் கட்டு ஒன்று இருந்தது. எப்படியும் இருபது காப்பி இருக்கும். தாளின் மேல்பாதியில் ராசிக் கட்டம்: நடுவில் ஒரு பெரிய சதுரம், அதைச் சுற்றிப் பன்னிரண்டு சின்னச் சதுரங்கள். அத்தனையும் கம்ப்யூட்டர் போட்ட கோடு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருபதில் ஒன்றை எடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

மறுநாள் ஓட்டினேன். பொடித் தையல்தான் அழகு என்று டீச்சர் சொல்லியிருந்ததால், தையல் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை இருப்பதிலேயே சின்ன நம்பரில் வைத்துக்கொண்டேன். மேஷத்தில் ஆரம்பித்து ஒரு வீடு விடாமல் சுற்றி வந்தேன். கீழே இருந்த அம்சக் கட்டத்துக்குப் போவதற்குள் மணி ஆகிவிட்டதால் அம்சம் பிழைத்தது.

டீச்சர் தாளை வாங்கியதும் கவிழ்த்துப் பார்த்தார். அவர் எதையுமே பின்பக்கம்தான் பார்ப்பார். “தையலோட யோக்கியத பின்னாலதான் தெரியும்,” என்பார். பின்பக்கம் வெள்ளைத் தாள், அதில் வரிசை பிசகாத ஓட்டைகள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். “பாருங்கடி, பாருங்க! நீங்கல்லாம் துணிக்குப் போயி என்னா பிரயோசனம்?”

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது. எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்பது அம்மா என்னை அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம். அதுவரை ஒருநாளும் நான் அதைக் கேட்டதில்லை. அன்று கேட்டேன். தாளைக் கட்டின் மேலேயே, நேராக, அழகாக வைத்து பீரோவை மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜாதகம் கொடுக்கச் சிதம்பரம் போனோம். அம்மா, அப்பா, வீட்டில் விட்டுவிட்டு வரத் தகுதியில்லாத நான். அம்மா மேலே இருந்த காப்பியை எடுத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நாலாக மடித்துக் கவரில் போட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நூல்தான் போடவில்லையே!

பஸ் புதுச்சத்திரம் தாண்டுகிற வரைக்கும் அம்மா ஒரே வசனத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். “செவ்வாய் அவரோட சொந்த வீட்லதாங்க இருக்காரு, அதனால தோஷம் ஜாஸ்தி இல்லிங்க.” அப்பா, “இதயே சொல்லு, போதும்,” என்றார்.

மாப்பிள்ளை வீட்டில் அவருடைய அம்மாவும் தாய்மாமாவும் இருந்தார்கள். ஜாதகம் பார்ப்பவர் அந்த மாமாதான். அவர் சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை. தாம்பாளத்தை வாங்கி, கவரைப் பிரித்து, மடித்த தாளை ஒரு உதறு உதறினார்.

முதலில் நடுச்சதுரம் அவர் மடியில் விழுந்தது. அவர் அதைக் குனிந்து பார்ப்பதற்குள் சனி போனது. பிறகு குரு. பிறகு சூரியனும் புதனும் ஒரே வீட்டில் இருந்ததால் சேர்ந்தே போனார்கள். மேலே ஃபேன் ஐந்தில் ஓடிக்கொண்டிருந்தது. கூடம் முழுக்க அக்காவின் எதிர்காலம் பறந்தது.

“ஃபேன நிறுத்துங்க, ஃபேன நிறுத்துங்க!” என்று மாப்பிள்ளையின் அம்மா கத்தினார். அப்பா டிவி ஸ்டாண்டுக்குக் கீழே கையை விட்டார். “குரு கெடச்சிட்டாருங்க,” என்றார். சுக்கிரன் வெற்றிலைத் தட்டில் இருந்தது. சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து மாப்பிள்ளை ஓடிவந்தார். வந்தவருக்கு யாரும் ஒன்றும் விளக்கவில்லை. அவரும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்.

மாமா டீப்பாயில் ஒவ்வொரு வீடாக அடுக்கி, பறக்காமல் இருக்க மேலே ஒவ்வொரு கொட்டைப்பாக்கு வைத்தார். பதினொரு வீடு வந்துவிட்டது. ஒன்றைக் காணோம்.

அது என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து விழுந்திருந்தது. அதில் ‘செவ்’ என்று போட்டிருந்தது. இரண்டு இடத்தைக் கெடுத்த அதே செவ்வாய். அக்காவும் அந்த பி.எட். புத்தகமும் என் நினைவுக்கு வந்தார்கள். நான் காலைத் தூக்கி அதன் மேல் வைத்தேன்.

அம்மா பார்த்துவிட்டார். என் காலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். செத்தோம் என்று நினைத்தேன். அம்மா மாமா பக்கம் திரும்பி, “வெளிய பறந்து போயிருக்குங்க,” என்றார். ஜன்னல் சாத்தியிருந்தது.

மாப்பிள்ளை என் நாற்காலிக்குக் கீழே தேட வந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். என் பாதம் சின்னது, தாள் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அப்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்து, “இங்க இல்ல மாமா,” என்றார்.

மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “எட்டு கெரகம் இருக்கு, செவ்வாயக் காணோம். பதினோரு வீடு இருக்கு, மேஷத்தக் காணோம். லக்னம் துலாம். அப்ப ஏழுலதான் செவ்வாய்.”

காலை வைத்து மறைத்தால் போதும் என்று நம்பியிருந்த எனக்கு உள்ளங்கால் வேர்த்துவிட்டது. அம்மா அவசரமாக ஒத்திகை பார்த்த வசனத்தை எடுத்தார். “அவரு சொந்த வீட்லதாங்க இருக்காரு.”

“எங்கம்மா இருக்காரு? வீட்டையே காணோமே!” என்றார் மாமா. “சரி, போங்க. வேற காப்பி எடுத்துட்டு வாங்க, பாத்துட்டு சொல்றன்.”

முதல் இரண்டு இடமும் ‘பாத்துட்டு சொல்றம்’ என்றுதான் சொன்னார்கள். அப்பா எழுந்துவிட்டார்.

“வேற காப்பி வேணாம் மாமா,” என்றார் மாப்பிள்ளை.

“டேய், ஏழுல செவ்வாய்டா.”

“இருந்துட்டுப் போவட்டும். கல்யாணம் எனக்குத்தான?”

மாமா ஒவ்வொரு பாக்காக எடுத்துத் தட்டில் திரும்பப் போட்டார். மாப்பிள்ளையின் அம்மா காபி போட உள்ளே போனார்.

பஸ்ஸில் அம்மா என்னை மூன்று தடவை கிள்ளினார். தைத்ததற்கு ஒன்று, திருப்பி வைத்ததற்கு ஒன்று. மூன்றாவது எதற்கு என்று கேட்டேன், பொய் சொல்ல வைத்ததற்காம். வீட்டுக்கு வந்து கதையைக் கேட்ட அக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு என்னைத் துரத்தினாள். கொல்லைக்கதவு சாத்தியிருந்ததால் மாட்டிக்கொண்டேன். “வேற காப்பி வேணாம்னு சொல்லிட்டாருக்கா!” என்று கத்தினேன்.

அக்கா துடைப்பத்தை இறக்கினாள். “யாரு? அவுங்க மாமாவா?”

“இல்ல. அவரு.”

“அவரேவா சொன்னாரு?”

“அவரேதான்.”

அதையே இன்னும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு துடைப்பத்தால் ஒன்று வைத்தாள், ஆனால் வலிக்கவில்லை. (மறுநாள் அம்மா மிச்சமிருந்த தாளை எடுத்துக்கொண்டு எஸ்தர் டீச்சரிடம் சண்டைக்குப் போனார். டீச்சர் வாங்கிக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, “தையல் சுத்தமா இருக்குங்க,” என்றாராம்.)

ஆவணியில் கல்யாணம் நடந்தது. இப்போது அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள், சிதம்பரத்தில் சொந்த லேப். சண்டையும் குறைவில்லாமல் நடக்கிறது. கோமதி அக்காவுக்குக் கோபம் வந்தால் பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொள்வார்கள். அந்த மாதிரி நாட்களில் எனக்கு போன் வரும். பின்னால் அக்கா குரல், பாத்திரம் விழும் சத்தம். அக்கா புருஷன் பிரபு மாமா ஹலோ கூடச் சொல்லமாட்டார்.

“மச்சான், கால எடுத்துட்டியா?”

“இல்ல மாமா, வெச்சிக்கிட்டுதான் இருக்கன்.”

“எடுக்காதடா,” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். நான் ஆபீஸில் இருந்தாலும், சினிமா தியேட்டரில் இருந்தாலும், வலது காலை ஒருமுறை தரையில் நன்றாக அழுத்திக்கொள்வேன்.