சுருங்காத நெற்றி

காப்பீட்டு அலுவலக அதிகாரி கண்ணாடி முன்னால் நின்று மூன்றாவது தடவையாக முறைத்துப் பார்த்தார். புருவம் அசையவே இல்லை. நெற்றி இஸ்திரி போட்ட சட்டை மாதிரி மழமழவென்று கிடந்தது.

ஐந்து நாளுக்கு முன், பல் டாக்டரிடம் போவதாக வீட்டில் புளுகிவிட்டு, சுருக்கம் போக்கும் ஊசியை நெற்றியில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நெற்றியைப் பார்த்தால் அறுபது வயசு சொல்லலாம் என்று மனைவி ஒரு மாதமாகப் புலம்பியதுதான் காரணம். தெருமுனையில் இருந்த தோல் மருத்துவமனைக்கு எத்தனை பேர் போய் வருகிறார்கள் என்று காட்டியதும் அவள்தான்.

ஆனால் மனுஷனுக்கு ஒரு விஷயம் உறைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவர் வீட்டில் வாயைத் திறந்து முடியாது என்று சொன்னதே கிடையாது. நெற்றியைச் சுருக்குவார், மனைவி பேச்சை மாற்றிவிடுவாள். குடித்தனம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று காலை அவள் மெல்ல ஆரம்பித்தாள். தம்பி வாடகை வீட்டைக் காலி செய்கிறானாம், கொஞ்ச நாள் பின்னறையில் இருக்கட்டுமா என்று கேட்டாள். பின்னறை என்றால் அவருக்கு உயிர். சாய்வு நாற்காலி, ரேடியோ, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் எல்லாம் அங்கேதான். இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி நெற்றியைச் சுருக்கினார். ஒன்றும் நடக்கவில்லை.

"மூஞ்சியே சுளிக்காம ஒத்துக்கிட்டீங்களே, நீங்க நல்லா இருக்கணும்" என்று மனைவி பூரித்துப்போனாள்.

சாயங்காலமே மச்சான் மீன் தொட்டியும் கையுமாக வந்து இறங்கினான். அதிகாரி இரண்டு விரலால் புருவங்களை நடுவில் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தார். ஐயோ, மாமாவுக்குத் தலைவலி என்று பதறிய மச்சான், தைலம் தேய்ப்பதில் கெட்டிக்காரியான தன் மாமியாரையும் வரவழைத்துவிட்டான். அந்த அம்மாள் மூன்று பெட்டிகளோடு வந்தார்.

இனிமேலும் பொறுத்தால் தெருவில்தான் படுக்கவேண்டும். கூடத்தின் நடுவில் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"எனக்கு இது சுத்தமாப் பிடிக்கல. எல்லாரும் கிளம்புங்க."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முகத்தை இவ்வளவு சாந்தமாக வைத்துக்கொண்டு மாமா என்னமாய்த் தமாஷ் பண்ணுகிறார் என்று மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். இப்படித் தங்கமான மனுஷர் வீட்டில் இரண்டு மாதமாவது தங்காமல் போகமாட்டேன் என்று மாமியார் சொல்லிவிட்டார்.

மறுநாள் அதிகாரி லீவு போட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடினார். மாற்று மருந்து கிடையாது, நாலு மாதத்தில் ஊசியின் வேலை தானாகவே தீர்ந்துவிடும் என்று டாக்டர் கையை விரித்தார். அதைக் கேட்டதும் அவருக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. நாலே மாதம். அப்புறம் ஒரே ஒரு முறைப்பு, வீடு காலி. வெளியே வரும்போது வரவேற்பறைப் பெண்ணிடம், இனி இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன் என்றார்.

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"அப்படிச் சொன்னா எப்படி சார்? நாலு மாசத்துக்கு ஒரு ஊசின்னு ரெண்டு வருஷத்துக்கு நாள் குறிச்சிருக்கே, நீங்க முதல் தடவை வர்றதுக்கு முந்தின நாளே உங்க வீட்டம்மா அவங்க தம்பியையும் கூட்டிட்டு வந்து பேசிட்டுப் போனாங்களே."